பின்னணியை எவ்வளவு மங்க வைக்கலாம்? தோட்டத்துப் படங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

இன்று கைப்பேசி வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு வசதி கிடைத்திருக்கிறது. ஆளை மட்டும் தெளிவாக வைத்து, பின்னால் இருப்பதையெல்லாம் பஞ்சுபோல் கரைத்துவிடலாம். பள்ளி விளையாட்டுப் போட்டி, ஆறாம் ஆண்டு பிரியாவிடை, திருமணம், கோயில் திருவிழா என்று புலனத்தில் வந்து விழும் படங்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். முகம் பளிச்சென்று இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் அது எங்கே எடுத்த படம் என்று கேட்டால் எடுத்தவருக்கே ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

மங்கல் கூடாது என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு மங்கல் என்பதை நாம் தீர்மானிக்கிறோமா, இல்லை கருவி தீர்மானிக்கிறதா என்பதுதான் கேள்வி. தீர்மானிக்க எளிய வழி ஒன்று உண்டு. பின்னால் இருப்பதில் எது இந்தப் படத்தில் மிஞ்ச வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அது மிஞ்சும் அளவுக்குத்தான் மங்கலைக் கூட்டலாம். கெடாவின் தோட்டங்களில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் இருக்கிறது.

கோலா மூடா மாவட்டத்தில் இருக்கும் சிடாம் கிரியை எடுத்துக்கொள்வோம். பக்கத்திலேயே சிடாம் கானான் என்று இன்னோர் இடமும் உண்டு. மலாயில் கிரி என்றால் இடம், கானான் என்றால் வலம். செம்பனை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நிற்கும், செம்மண் பாதையும் ஒரே மாதிரிதான். பெயர்ப்பலகையில் உள்ள அந்த ஒரு சொல் மங்கிப்போனால் படம் இடமா வலமா என்பதுகூடத் தெரியாது. இது விளையாட்டுக்குச் சொன்னது. ஆனால் கெடாவில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள், செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்த தோட்டங்கள் எத்தனை! லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. தோட்டத்தின் பெயரைத் தாங்கியபடியே பட்டணத்துக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. பெயர் இருக்கிறது, பழைய கட்டடம் இல்லை.

பழைய படம் ஒன்றை ஒரு பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். முதலில் முகங்களைப் பார்ப்பார். பிறகு விரல் மெல்லப் பின்னால் போகும். "இது நம்ம கோயில் அரசமரந்தானே?", "அந்தா தெரியுதே, அதுதான் கிராணி பங்களா", "பெரட்டுக் களம் இந்தப் பக்கந்தான் இருந்துச்சு." முகங்கள் யார் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். பேச்சைக் கிளப்பிவிடுவது பின்னணிதான்.

அந்தப் பழைய படங்களில் பின்னணி தெளிவாக இருந்ததற்கு எடுத்தவரின் தொலைநோக்கு காரணமில்லை, கருவிதான் காரணம். 1900இல் கோடாக் நிறுவனம் ஒரு டாலருக்கு விற்ற பிரவுனி போன்ற பெட்டிக் கேமராக்களில் லென்சின் துளை சிறியது, குவியத்தைத் திருகவும் முடியாது. சில அடி தள்ளி நிற்பவரும் தூரத்து மரமும் ஓரளவு ஒரே தெளிவில் விழுவார்கள். பின்னணி வேண்டாம் என்றால் ஸ்டூடியோவுக்குப் போய், தூணும் படிக்கட்டும் வரைந்த திரைக்கு முன்னால் நிற்க வேண்டும். இன்று நிலைமை தலைகீழ். மங்கல் ஒரு விரல் தட்டில் வந்துவிடுகிறது, தெளிவைத்தான் நாம் நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மங்கல் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம். நான்காம் படிவத்தில் இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இது கைவந்த பாடம். மற்றவர்களுக்கும் சிரமமில்லை, வடிவொத்த முக்கோணம் தெரிந்தால் போதும்.

லென்சை ஓர் ஆளின்மேல் குவித்திருக்கிறோம். அவருக்குப் பின்னால் தூரத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, கூம்புபோல் விரிந்து வந்து லென்சின் துளையை முழுவதுமாக நிரப்புகிறது. வரும் வழியில் ஆள் நிற்கும் தளத்தைக் கடக்கும்போது அந்தக் கூம்புக்கு ஒரு குறிப்பிட்ட அகலம் இருக்கும் அல்லவா? படத்தில் அந்தப் புள்ளி அந்த அகலமுள்ள வட்டமாகத்தான் பதியும். ஆக, மங்கல் வட்டத்தின் அகலத்தை ஆள் நிற்கும் இடத்தில் அளந்தால், துளையின் விட்டத்தை ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, கேமராவிலிருந்து பின்னணிக்கு உள்ள மொத்தத் தூரத்தால் வகுத்த விடை கிடைக்கும். பின்னணி வெகு தூரத்தில், குனோங் ஜெராய் மலைபோல் இருந்தால், வட்டத்தின் அகலமும் துளையின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றே. இதைவிட எளிமையாக ஒளியியல் பேசுவது கஷ்டம்.

துளையின் விட்டம் எவ்வளவு? குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வரும். 50 மில்லிமீட்டர் லென்சை எஃப் 1.8இல் திறந்தால் விட்டம் 28 மி.மீ. அதே லென்சு எஃப் 5.6இல் 9 மி.மீ., எஃப் 8இல் 6 மி.மீ. சொச்சம். எண் பெருகினால் துளை சுருங்கும் என்ற தலைகீழ்க் கணக்கில்தான் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவார்கள். பின்னத்தின் கீழே இருக்கும் எண் அது என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது.

கைப்பேசியின் முதன்மைக் கேமராவிலும் எஃப் 1.8 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அதன் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான், ஆகவே துளையும் 2 முதல் 4 மி.மீ. வரைதான். ஒரு முகத்தின் அகலம் சுமார் 150 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கேமராவில் தூரத்துப் புள்ளி ஒவ்வொன்றும் முகத்தில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்துக்குப் பரவுகிறது. கைப்பேசியில் ஐம்பதில் ஒரு பங்குதான். கைப்பேசியின் சாதாரணப் படத்தில் எல்லாமே தெளிவாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

சரி, பலகை வாசிக்க வருமா வராதா? எழுத்தின் உயரத்தோடு மங்கல் வட்டத்தை ஒப்பிட வேண்டும். ஒரு மாணவி கேமராவிலிருந்து 2 மீட்டரில் நிற்கிறாள். தோட்டத்தின் பெயர்ப்பலகை 10 மீட்டரில் இருக்கிறது, எழுத்து 20 சென்டிமீட்டர் உயரம். 10 மீட்டரில் உள்ள அந்த எழுத்து, மாணவி நிற்கும் தளத்தில் 40 மி.மீ. உயரமாகத் தெரியும். 50 மி.மீ. லென்சை எஃப் 1.8இல் திறந்தால் மங்கல் வட்டம் 22 மி.மீ. எழுத்தில் பாதிக்கு மேல்! ஒன்றும் வாசிக்க முடியாது. எஃப் 2.8இல் 14 மி.மீ., ஏற்கெனவே பெயர் தெரிந்தவர் ஊகித்துக்கொள்ளலாம். எஃப் 5.6இல் 7 மி.மீ., இப்போது வாசிக்கலாம். மங்கல் வட்டம் எழுத்தின் உயரத்தில் ஐந்தில் ஒன்றுக்குள் இருந்தால் வாசிக்கலாம் என்பதைக் கைக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் வடிவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். தமிழ் எழுத்தின் சுழிகள் ஆங்கில எழுத்தைவிட முன்னதாகவே கரைந்துபோகும். 'ன'வும் 'ள'வும் மங்கலில் ஒன்றுபோல் ஆகிவிடும், கவனம்.

இனி எனக்குப் பிடித்த வழியைச் சொல்கிறேன். எஃப் எண்ணைத் தொடவே வேண்டாம், மாணவியைப் பின்னால் நகர்த்துங்கள். அவள் 5 மீட்டரில், பலகைக்குப் பாதி வழியில் நிற்கட்டும். அதே எஃப் 1.8இல் மங்கல் வட்டம் 14 மி.மீ. ஆகிறது. ஆனால் எழுத்து இப்போது அவள் தளத்தில் 100 மி.மீ. உயரம். ஏழில் ஒரு பங்குதான் மங்கல், பலகை தெளிவாகவே வாசிக்க வருகிறது. முகம் சிறிதாகும் என்பது உண்மைதான். ஆனால் தலைமுதல் கால்வரை ஓர் ஆளும் அவர் நிற்கும் மண்ணும் சேர்ந்து தெரியும் படம் கிடைக்கிறது. முகத்தை மட்டும் வெட்டியெடுத்த படம் அடையாள அட்டைக்குப் போதும்.

இந்த வழியைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. துளையைச் சுருக்கினால் வெளிச்சம் போய்விடும். எஃப் 1.8இலிருந்து எஃப் 5.6க்குப் போனால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. பட்டப்பகலில் பள்ளித் திடலில் இது பிரச்சினையே இல்லை. ரப்பர் காட்டில் பால் வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். வெட்டுபவர் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருப்பார். எஃப் 1.8இல் விநாடியில் 60இல் ஒரு பங்கு நேரம் போதும் என்றால், எஃப் 5.6இல் விநாடியில் 6இல் ஒரு பங்கு நேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் கை அசைந்துவிடும், கத்தி நகர்ந்துவிடும். பின்னணி மங்கலைத் தவிர்க்கப் போய் ஆளே மங்கிவிடுவார். ஐஎஸ்ஓவைப் பத்து மடங்கு ஏற்றினால் படம் பொரிப்பொரியாக ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் எஃப் 2 அல்லது 2.8ஐ வைத்துக்கொண்டு, ஆளையும் மரத்தையும் ஒரே தூரத்தில் வருமாறு பக்கவாட்டில் நின்று எடுப்பதே மேல். வெட்டும் மரத்துப் பட்டையும், கத்தியும், மங்கில் சொட்டும் பாலும் அவரோடு ஒரே தளத்தில் இருப்பதால் அத்தனையும் தெளிவாக விழும். அடுத்த வரிசை மரங்கள் கரைந்தால் கரையட்டுமே.

எது கரையலாம் என்பதையும் அளவு வைத்துப் பார்க்கலாம். ஆள் 2 மீட்டரில், பின்னால் 15 மீட்டரில் ஒரு லயத்து வீடு, அதே தூரத்தில் ரப்பர் மரங்கள். எஃப் 1.8இல் மங்கல் வட்டம் 24 மி.மீ. 2 மீட்டர் உயரக் கதவு அந்தத் தளத்தில் 267 மி.மீ. உயரமாகத் தெரியும். ஆகவே அது கதவு என்று புரியும், வீடு வீடாகவே இருக்கும். 25 சென்டிமீட்டர் தடிமனுள்ள மரம் 33 மி.மீ. அகலந்தான், வெறும் பழுப்புக் கோடாகிவிடும். மரத்தில் கட்டிய 10 சென்டிமீட்டர் மங்கு 13 மி.மீ., அது இருந்த இடமே தெரியாது. பார்ப்பவர் ஏதோ ஒரு காட்டோரத்து வீடு என்றுதான் நினைப்பார். ரப்பர் தோட்டம் என்பதைச் சொல்வது அந்த மங்குதான்! எஃப் 5.6இல் வட்டம் 8 மி.மீ.க்குள் வந்துவிடும், மரம் மரமாகத் தெரியும், மங்கும் ஒரு வெள்ளைத் திட்டாக மிஞ்சும். பின்னணி ஒரேயடியாக மங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். சிறியது முதலில் போகும், பெரியது கடைசியில் போகும். அதனால்தான் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முதலில் கேட்கச் சொன்னேன்.

கைப்பேசியின் உருவப்பட முறை இந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாது. அங்கே மங்கல் லென்சால் வருவதில்லை, கணினி வரைவது. 2016இல் வந்த ஐபோன் 7 பிளஸ் இரண்டு பின்புறக் கேமராக்களின் வேறுபாட்டைக் கொண்டு தூரத்தைக் கணித்தது. மறுவருடம் வந்த கூகுள் பிக்சல் 2 ஒரே பின்புறக் கேமராவை வைத்துக்கொண்டு, ஆள் எங்கே முடிகிறார் என்று கணினிக்குக் கற்பித்து அதையே செய்தது. கணிப்பு என்றால் தப்பும் வரும். கலைந்த முடி, மூக்குக் கண்ணாடியின் ஓரம், தலையில் சூடிய மல்லிகைச் சரம், இடுப்பில் கைவைத்து நின்றால் கைக்கும் உடம்புக்கும் நடுவே தெரியும் இடைவெளி, இவைதான் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள். சுங்கைப்பட்டாணி தைப்பூசத்தில் காவடி எடுப்பவரை இந்த முறையில் எடுத்துப் பாருங்கள். மயிலிறகில் பாதி இருக்கும், பாதி காற்றில் கரைந்திருக்கும். காவடிக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பல கைப்பேசிகளில், எடுத்த பிறகும் மங்கலைக் கூட்டிக் குறைக்கலாம். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் முதல் ஐபோன்களிலும் இந்த வசதி உண்டு. திரையில் எஃப் 1.4 முதல் 16 வரை ஓடும் கோடு வெறும் போலி எண்தான், உள்ளே எந்தத் துளையும் சுருங்குவதில்லை. எண் போலி என்றாலும் பயன் உண்மை. அதற்கு ஒரு நிபந்தனை, மூலப்படம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்க வேண்டும். புலனத்தில் அனுப்பிய பிரதியில் மங்கல் ஒட்டிப்போய்விடும், அதைக் கொண்டு பின்னணியை மீட்க முடியாது. பள்ளி இதழுக்குப் படம் கேட்கும் ஆசிரியர்கள், "மூலப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பு" என்று சொல்வது வீண் கறார் இல்லை.

மங்கலைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டிய இடங்களும் உண்டு. மேடையில் பரிசு வாங்கும் பிள்ளையை எடுக்கிறோம், பின்னால் வேறு பிள்ளைகளின் முகங்கள். அவர்களின் பெற்றோரிடம் நாம் கேட்கவில்லை. கரைத்துவிடுவது மரியாதை. லயத்தில் ஒரு மூதாட்டியைப் பேட்டி எடுக்கப் போகிறோம், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறது. அதை உலகத்துக்குக் காட்ட நமக்கு என்ன உரிமை? நெகிழிப் பைகளும் மின்கம்பிகளும் கண்ணை இழுக்கும் கடைத்தெருவிலும் மங்கல் கைகொடுக்கும். ஜப்பானியர்கள் இந்த மங்கலின் அழகுக்கென்றே ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். அவர்களின் 'போகே' என்ற சொல் 1997இல் ஓர் அமெரிக்க இதழ் வழியாக ஆங்கிலத்தில் பரவி, இன்று எல்லாக் கைப்பேசி விளம்பரத்திலும் இருக்கிறது. அதற்கு நேரெதிராக, 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் மிகச் சிறிய துளையின் பெயரையே தங்கள் குழுவுக்கு வைத்தார்கள். எஃப் 64! முன்புறப் புல் முதல் மலைவரை அத்தனையும் தெளிவாக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நாம் எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை.

கல்விச் சுற்றுலாவுக்கு மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடாரம் என்று நாம் பாடநூலில் படிக்கும் நிலத்தின் ஆலயச் சிதைவுகள் அங்கே இருக்கின்றன. அருங்காட்சியக வளாகத்தில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி சீரமைக்கப்பட்டு நன்றாக இருக்கிறது. எல்லாச் சண்டிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அதே பள்ளத்தாக்கில் சுங்கை பத்து தோட்ட நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது என்று 2013 இறுதியில் தெரியவந்தது. நாடே பேசியது. ஓர் இடம் போன பிறகு, அது எப்படி இருந்தது, கற்கள் எந்த வரிசையில் கிடந்தன, மரம் எந்தப் பக்கம் நின்றது என்று சொல்ல மிஞ்சுவது அளவைக் குறிப்புகளும் படங்களுந்தான். அப்படிப்பட்ட இடத்தின் முன்னால் நின்று சிரித்தபடி, பின்னணியைக் கரைத்து எடுத்த படம் அந்த இடத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. சண்டியின் முன் மாணவர்களை நிறுத்தினால் உருவப்பட முறையை அணைத்துவிட்டுச் சாதாரண முறையில் எடுங்கள். முகமும் கல்லும் ஒருசேரத் தெளிவாக வரும், செலவு ஒன்றுமில்லை. முகம் மட்டும் வேண்டுமென்றால் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பறைப் பயன்பாட்டுக்கும் இதே கதைதான். படத்தைப் பார்த்து வாக்கியம் அமைக்கும் பயிற்சிக்கு ஆசிரியர்கள் சொந்தமாகப் படம் எடுத்துத் தருவது பெருகியிருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் பின்னணி கரைந்த படத்தைக் கொடுத்தால் மாணவன் என்ன எழுதுவான்? "சிறுவன் சிரிக்கிறான்." அதோடு சரி. பின்னால் மிதிவண்டி சாய்த்து வைத்திருப்பதும், அக்காள் தண்ணீர் ஊற்றுவதும், தாத்தா நாளிதழ் வாசிப்பதும் தெரிந்தால்தான் ஐந்து வாக்கியம் வரும். பயிற்சிப் படத்துக்கு எஃப் 8, அல்லது கைப்பேசியின் சாதாரண முறை. ஒரே பொருளைப் பற்றிய சொல் கற்பிக்கும் அட்டைக்கு, எடுத்துக்காட்டாக மங்கு, காண்டா வாளி, பால் வெட்டும் கத்தி ஆகியவற்றுக்கு, பின்னணியை நன்றாக மங்கவிடலாம். அங்கே கண் ஒரு பொருளில் மட்டும் நிற்பதுதான் தேவை.

பள்ளியில் கேமரா இருந்தால் இந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள். பள்ளிப் பெயர்ப்பலகை கேமராவிலிருந்து 6 மீட்டரில் இருக்கட்டும், எழுத்து 10 சென்டிமீட்டர். லென்சு 50 மி.மீ., எஃப் 2. ஒரு மாணவர் 1.5 மீட்டரில் நின்றால் பலகையை வாசிக்க முடியுமா? துளை 25 மி.மீ., ஆகவே மங்கல் வட்டம் 18.75 மி.மீ. எழுத்து அவர் தளத்தில் 25 மி.மீ. முக்கால் பங்கு மங்கல், முடியாது. அவரை 4 மீட்டருக்கு நகர்த்தினால் வட்டம் 8.3 மி.மீ., எழுத்து 66.7 மி.மீ. எட்டில் ஒரு பங்கு, வாசிக்கலாம். நகர இடமில்லை, 1.5 மீட்டரிலேயே நிற்க வேண்டும் என்றால் எஃப் 8க்குப் போக வேண்டும். அப்போது வட்டம் 4.7 மி.மீ., ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, தட்டுத்தடுமாறி வாசிக்கலாம். முதலில் கணக்குப் போட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள், பிறகு மூன்று படத்தையும் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டுங்கள். விடை தவறியவர்கள் பெரும்பாலும் மீட்டரை மில்லிமீட்டராக மாற்ற மறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.